ஸ்கோப்பில் கீறல் விழுந்தால் என்ன செய்வது?

கேள்வி: ‘பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கியின் மேட் பிளாக் ஸ்கோப், ஜீப்பில் உரசி இரண்டு மூன்று இடங்களில் வெள்ளைக் கோடாகக் கீறிவிட்டது. துருப்பிடிக்குமா? வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?’

- மலையடிவார விவசாயி ஒருவர்

பதில்: முதலில் கீறல் விழுந்த இடத்தில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம். பெரும்பாலான ஸ்கோப்புகளின் குழாய் அலுமினியம்தான். அதற்குத் துரு கிடையாது.

அலுமினியத்தின் மேற்பரப்பை மின்சாரத்தின் உதவியால் கெட்டியான படலமாக மாற்றி, அதில் கறுப்புச் சாயம் ஏற்றுவார்கள். இதற்கு அனோடைசிங் என்று பெயர். கீறும்போது இந்தப் படலம் பெயர்ந்து, அடியில் உள்ள உலோகம் வெள்ளையாகத் தெரிகிறது. வெயிலில் அது மின்னும் என்பதைத் தவிர, மேலோட்டமான கீறலால் ஸ்கோப்பின் வேலைக்குப் பாதிப்பு இல்லை. வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

செய்யும் முறை:

1. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்கோப்பைக் கழற்ற வேண்டாம். கழற்றி மாட்டினால் குறி மாறிவிடும்.

2. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மூடியால் மூடுங்கள். திருகும் குமிழ்கள், அளவு எழுத்துகள், பிடிப்பு வளையங்கள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

3. தூசியை ஊதி அகற்றி, கீறலை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பெட்ரோல், தின்னர் கூடாது. ரப்பர் வளையமும் எழுத்துகளும் கெட்டுவிடும்.

4. மயிரிழைக் கீறலுக்குக் கறுப்பு பர்மனென்ட் மார்க்கர் போதும். வெயிலில் வெளுத்தால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

5. ஆழமான கீறலுக்கு மேட் பிளாக் எனாமல் பெயின்டைப் பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, கீறலுக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக வைக்காமல், முதல் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு கொடுங்கள். பிறகு ஒரு நாள் தொடாமல் விடுங்கள். ஸ்பிரே டப்பாதான் கிடைத்தது என்றால், மூடியில் சிறிது அடித்து அதிலிருந்து குச்சியால் எடுத்து வைக்கலாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். கீறலைச் சுற்றியுள்ள நல்ல படலமும் போய், கோடாக இருந்தது திட்டாகிவிடும். வளையம் கவ்வும் இடத்திலும் பூசக்கூடாது. பிடிமானம் தளர்ந்து ஸ்கோப் நகரும்.

குழாய் நசுங்கியிருந்தாலோ, கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தாலோ, குறி விலகினாலோ அது பெயின்டால் தீராது. பழுதுபார்க்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கோப்பை உரசிய அதே ஜீப், துப்பாக்கிக் குழலையும் உரசியிருக்கலாம். குழல் எஃகு, காந்தம் ஒட்டும். அதில் விழும் கீறல் மழைக்காலத்தில் சீக்கிரமே துருவாகும். துரு உள்ளே அரித்தால் சுடுபவருக்கே ஆபத்து. குழலை உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். குழி விழுந்த துரு தெரிந்தால் சுடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

உர மூட்டை இருக்கும் அறையில் துப்பாக்கியை வைக்காதீர்கள். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு, ஈரம் பட்டால் இரும்பை வேகமாக அரிக்கும். மண்வெட்டி, தெளிப்பான், கலப்பைக்கும் இது பொருந்தும். அலுமினியத்தில் விழுந்த கீறல் காத்திருக்கும். இரும்பில் விழுந்ததை அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் வன உயிரினங்களைச் சுட அனுமதி கிடைத்துவிடாது. மயில், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைச் சுட்டால் சிறை உண்டு. வன விலங்குகளால் பயிர்ச்சேதம் ஏற்பட்டால் வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.