ஆய் இருந்தால் மிட்டாய்

“ஒருக்கா ஆய் இரி மக்ளே, மிட்டாய் தாறேன்.” களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் காலை நேரப் பேரம் இதுதான். துபாய்க்காரச் சித்தப்பா கொண்டுவந்த சாக்லேட் டப்பா ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதும் இதற்காகவே. மிட்டாயைக் காட்டினால் பிள்ளை சீக்கிரம் பழகும் என்று அம்மா நம்புகிறாள், அப்பா வாங்கிக் கொடுக்கிறார், பக்கத்து வீட்டு மைனி சாட்சி சொல்கிறாள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

முதலில், எதற்குக் கூலி கொடுக்கிறோம்? ஆய் என்பது பிள்ளை நினைத்த நேரத்தில் வருவதல்ல. வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசையும். அதனால்தான் இட்லி தின்ற கொஞ்ச நேரத்தில் பிள்ளை கதவு மூலையில் போய் நின்று முகம் சிவக்க முக்குகிறது. அந்த நேரத்தைக் கண்டுபிடித்து உட்கார வைப்பதுதான் பழக்குவது. நாமோ வேன் வரும் நேரம், பஸ் வரும் நேரம் பார்த்து உட்கார வைத்துவிட்டு, வரவில்லை என்றதும் மிட்டாயைத் திரும்ப டப்பாவில் போடுகிறோம்.

கெட்டிக்காரப் பிள்ளை இந்த வியாபாரத்தைச் சீக்கிரம் படித்துக்கொள்ளும். ஒரே தடவையில் பெய்ய வேண்டிய ஒண்ணுக்கை நாலு தவணையாகப் பெய்து நாலு மிட்டாய் வசூல் செய்யும். கூச்சமோ பயமோ உள்ள பிள்ளையின் பாடுதான் மோசம். தோற்றுத் தோற்றுக் கடைசியில் அடக்க ஆரம்பிக்கும். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சும், மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து மேலும் அடக்கும். பிறகு இறுகிய மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் இருப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து தேடுவார்கள்.

மிட்டாய்தானே கெடுதல், மட்டிப்பழம் கொடுக்கலாமே என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பழம், பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டும் பழம். பசித்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். கூலியாக மட்டும் வேண்டாம். பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தின் மேல் சிறுபிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்று 1980-இலேயே அமெரிக்காவில் லீயான் பர்ச்சும் கூட்டாளிகளும் சோதித்துக் காட்டினார்கள். பசிக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை நாமே ஏன் குழப்ப வேண்டும்?

1973-இல் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நடத்திய சோதனை இன்னும் பெயர்பெற்றது. படம் வரையப் பிடித்த பிள்ளைகளில் சிலரிடம் மட்டும் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆய் போவதில் பிள்ளைக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது என்று கேட்கலாம். இருக்கிறதே! பெரியவர்கள் பின்னாலேயே பாத்ரூமுக்குள் நுழைவதும், ஃபிளஷ்ஷை அமுக்கிவிட்டுச் சிரிப்பதும் வேறென்ன?

‘ஒரே நாளில் பழக்கலாம்’ என்று 1974-இல் அஸ்ரினும் ஃபாக்ஸும் எழுதிய புத்தகத்தில் தின்பண்டப் பரிசு உண்டு, பலனும் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அதில் மணிக்கணக்காக ஒரு ஆள் பிள்ளையை விட்டு நகராமல் இருக்க வேண்டும். நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பொம்மையை வைத்துச் செய்து காட்ட வேண்டும். நாம் அந்த உழைப்பை எல்லாம் விட்டுவிட்டு மிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உட்காரும் விதத்தையாவது கவனித்தோமா? புதிதாகக் கட்டும் வீடுகளில் எல்லாம் வெஸ்டர்ன் க்ளோசெட். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் கால் எட்டாது. தொங்கும் காலோடு, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எப்படி முக்கும்? ஆச்சிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை இருத்தி ‘ஸ்ஸ்’ என்பார்கள். முழங்கால் மேலே, முதுகுக்குச் சாய்மானம், எதிரே தெரிந்த முகம். அந்தக் காலத்தில் கிள்ளும் அடியும் இருந்தன, அதைப் புகழவில்லை. ஆனால் அந்த இருப்பில் குறை சொல்ல முடியாது. இன்று பிள்ளைக்கான சின்னக் கழிப்பிருக்கையோ, காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகையோ போதும்.

வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் திட்டமிட்டுப் பரிசு கொடுத்து, அதை மெல்லக் குறைப்பது வேறு கதை. மற்ற வீடுகளில், பிள்ளை ஏற்கெனவே அடக்குகிறது என்றால் பேரத்தை இன்றே நிறுத்துங்கள். சில வாரம் பழக்குவதையே ஒத்திப்போடுங்கள். மூன்று நாளாகப் போகவில்லை, போகும்போது அழுகிறது என்றால், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்க்கும் முன் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.