நாணயத்தின் நாணயம்

உங்கள் வீட்டுப் பெட்டியில், பட்டுப் புடவை மடிப்புக்கு அடியில், பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு தூங்குகிறதா? தூங்கட்டும். பண்டிகைக்குப் பாத்திரம் துலக்கும்போது அதையும் எடுத்துத் துலக்கிவிடாதீர்கள், சகோதரி! என் அத்தை துலக்கிவிட்டாள். அதனால்தான் சொல்கிறேன்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்காகத் தேனிப் பக்கம் போயிருந்தேன். அத்தைக்குப் போடிநாயக்கனூர். நான் உள்ளே நுழைந்தபோது அவள் புளியும் சாம்பலுமாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே 1892-ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய்கள் மூன்று. பெரியாறு அணை வேலை நடந்த நாளில் (அது முடிந்தது 1895-இல்) அவளுடைய பாட்டனார் மாட்டு வண்டி ஓட்டிச் சம்பாதித்தவை என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. பேத்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாள். ஒன்று பளபளவென்று மின்னியது. இரண்டாவது அவள் கையில் இருந்தது.

“அத்தை, நிறுத்துங்க!” என்று கத்தியேவிட்டேன்.

“ஏப்பா, பேரன் வாங்கிட்டு வந்த காசைப் பாரு, மயில் கழுத்து மாதிரி மின்னுது. நம்ம காசு கரிச்சட்டி மாதிரி இருக்கே!” என்றாள்.

பேரன் பெருமையுடன் தன் காசை நீட்டினான். அதே ராணி, அதே ரூபாய். ஆனால் நீலமும் ஊதாவும் ரோஜாவுமாக ஒரே வானவில்! “நூறு வருஷத்து இயற்கை நிறம்” என்று சொல்லி, திருவிழாக் கடைத் தெருவில் ஐயாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

வெள்ளி ஏன் நிறம் மாறுகிறது? அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. காற்றிலும், அடுப்புப் புகையிலும், பழைய காகிதத்திலும், கம்பளியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு மெல்லச் சேர்ந்து ஓர் ஏடு போலப் படிகிறது. ஏட்டின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதால் நிறம் தெரிகிறது. சோப்புக் குமிழியில் தெரிகிறதே, அதைப் போல. ஏடு தடிக்கத் தடிக்க முதலில் இளம்பொன், பிறகு செம்மை, பிறகு ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. காசு சேகரிப்போர் இதற்கு ‘டோனிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலம் பல வருஷங்களில் செய்வதை மனிதன் ஒரே நாளில் செய்யப் பார்க்கிறான். வேக வைத்த முட்டையோடு டப்பாவில் அடைத்தாலும், கந்தக மருந்து தடவிச் சூடு காட்டினாலும் வானவில் வந்துவிடும். இரண்டும் அதே ரசாயனந்தான். ஆகையால் நிபுணர்களே சில சமயம் திணறுகிறார்கள். ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு.

இயற்கை நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாக, மேலே சொன்ன வரிசையில் இழைந்து மாறும்; எழுத்துக்களின் இடுக்கில் சற்றே வேறுபடும். செயற்கை நிறம் திட்டுத் திட்டாக, வரிசை தப்பி நிற்கும். விளக்கடியில் காசைச் சாய்த்துப் பாருங்கள். நிறத்துக்கு அடியில் தேய்த்த கீறல்கள் தெரிந்தால், யாரோ துலக்கிவிட்டுச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பல கை மாறித் தேய்ந்த காசு பளிச்சென்று வானவில் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் காசுக்குத் தரம் சொல்லும் நிறுவனங்கள், நிறத்தில் சந்தேகம் வந்தால் தர எண் கொடுக்கவே மறுத்துவிடுகின்றன.

பேரனின் காசைச் சாய்த்தோம். ராணியின் கன்னம் முழுவதும் கீறல்! அவன் முகம் சுண்டிவிட்டது.

அத்தையின் முகமும்தான். புளியும் சாம்பலும் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. வெள்ளியையும் சேர்த்துச் சுரண்டிவிடும். துலக்கிய காசுக்கு வெள்ளியின் விலை கிடைக்கும்; சேகரிப்போர் தரும் விலை வெகுவாகக் குறைந்துவிடும். போன மெருகு திரும்பாது.

மற்ற இரண்டையும் என்ன செய்வது? விளிம்பைப் பிடித்து எடுங்கள். ரப்பர் வளையம், மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அமிலம் இல்லாத காகிதத்தில் பொதிந்து, ஈரம் புகாத இடத்தில் வையுங்கள். மழைக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் குளிர்ந்த ஈரக் காற்று சும்மா இராது.

போடிக்கும் பழங்காசுக்கும் உறவு புதிதல்ல. மீன் சின்னம் பொறித்த பாண்டியர் வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர் அது. உங்கள் தோட்டத்தில் அப்படி ஏதாவது அகப்பட்டால், துலக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், கலெக்டருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

அத்தை இரண்டு கறுப்பு ரூபாய்களையும் பொதிந்து பெட்டியில் வைத்தாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏப்பா, அப்போ இந்தச் சுருக்கத்துக்கும் நரைக்கும்கூட மதிப்பு உண்டுன்னு சொல்லு!”

உண்டு என்றேன். சாயம் பூசாத வரையில்!