பாத்திரம் அறிந்து வாங்குவோம்

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்றனர் நம் முன்னோர். அவர்கள் சொன்ன பாத்திரம் வேறு. இங்கே நான் சொல்ல வருவது அடுப்பில் ஏற்றும் எவர்சில்வர் பாத்திரத்தைப் பற்றி. மொழி, கலை, உரிமை என்று எழுத வேண்டிய ஏட்டில் சாம்பார்க் குண்டானுக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். அமுதசுரபியைக் காப்பியத்தில் வைத்துப் போற்றிய இனம் நாம். பலருக்குச் சோறிடும் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு இழிவாகாது.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் ஒட்டு வீடுகளில் வாழ்ந்த காலத்தில் வளைகாப்பு, காதுகுத்து, பொங்கல் என்றால் உறவினர் வீட்டிலேயே கூடுவர். அண்டை வீட்டிலிருந்து தவலையும் அடுக்கும் கை மாறி வரும். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது பேர் வருகிறார்கள் என்றாலே உணவகத்துக்குத் தொலைபேசி பறக்கிறது. நேரமில்லை என்பது ஒரு காரணம். இருபது பேருக்குக் குழம்பு வைக்க வீட்டில் ஒரு நல்ல பாத்திரம் இல்லை என்பது மற்றொரு காரணம். சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, ஒரே குண்டானிலிருந்து எல்லாரும் உண்ணும் பழக்கம் அற்றுப்போவது சிறிய இழப்பன்று.

பாத்திரமே இல்லையா? இருக்கிறது. பரண் நிறைய இருக்கிறது! சீர்வரிசை என்ற பெயரில் பெற்றோர் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த அடுக்குகளும் தூக்குகளும் பெயர் பொறித்தபடி தூங்குகின்றன. பெரும்பாலானவை மெல்லிய தகடு, எண்ணிக்கைக்காக வாங்கியவை. அடுப்பில் ஏற்றினால் அரை மணியில் அடி பிடிக்கும். முப்பது மெல்லிய பாத்திரங்களுக்குப் பதில் ஒரு கனமான பெரிய பாத்திரம் போதும் என்பதே என் கருத்து. அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்குப் போனதும் நாம் முதலில் பார்ப்பது பளபளப்பை. அது மெருகு போட்டவரின் கைவேலை; எஃகின் தரம் அன்று. 304 என்று சொல்லப்படும் வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. '18/8' என்று சில பாத்திரங்களின் அடியில் பொறித்திருப்பது இதைத்தான். குரோமியம் துருவைத் தடுக்கிறது. நிக்கல் அதற்குத் துணை நிற்கிறது. 202 என்னும் வகையில் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். விலை மலிவு. அதில் சமைத்தால் விஷம் என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் புளியும் உப்பும் நாள்தோறும் புழங்கும் நம் சமையலில், புள்ளி விழாமல் நெடுங்காலம் உழைப்பது 304-தான்.

'காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் சரக்கு' என்று கடைக்காரர் செய்து காட்டும் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். 304-லும் காந்தம் ஒட்டாது. மலிவான 202-லும் ஒட்டாது. நல்ல 304 தகட்டைக்கூட அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். ஆகவே அந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அது பயன்படும் இடம் வேறு: மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்பவர்கள் பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடேறும்.

அடுத்தது கனம். நம் ஊர்க் கடைகளில் பாத்திரத்தைத் தராசில் நிறுத்து விற்கும் வழக்கம் உண்டு. எடை கூடினால் உலோகம் கூடுதல் என்று தெரியும். அந்த உலோகம் அடியில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்று தராசு சொல்லாது. 'கேஜ்' கணக்கைக் கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர்.

எஃகு வெப்பத்தை எளிதில் பரப்பாது. அலுமினியம் அதைவிடச் சுமார் 15 மடங்கும், செம்பு சுமார் 25 மடங்கும் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் வெறும் எஃகுப் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கருகுகிறது. ரசத்துக்கு இது பெரிய குறையன்று. பருப்பு மிகுந்த சாம்பார், கூட்டு, நம் கன்னட அண்டை வீட்டார் நமக்குக் கற்றுத் தந்த பிசிபேளே பாத் போன்ற கெட்டிப் பண்டங்களுக்கு, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்து ஒட்டிய 'சாண்ட்விச்' அடி அவசியம். பணம் செலவழிப்பதென்றால் அடிக்குச் செலவழியுங்கள்.

பெங்களூருக்கு இதில் தனிக் கணக்கும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் வேகும் நேரத்தில் இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமாக இருந்தால் இன்னும் தாமதம். பருப்பைக் குக்கரில் வேகவைத்துப் பெரிய பாத்திரத்தில் கூட்டுவதே நல்லது.

அளவு எவ்வளவு? 25 பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி வீதம் 5 லிட்டர் சாம்பார். பொங்கி வழியாமலிருக்க மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். ஆக, 8 முதல் 10 லிட்டர் போதும். 24 சென்டிமீட்டர் விட்டமும் அதே அளவு உயரமும் உள்ள பாத்திரம் 10 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கொள்ளும். 'பெரிதாக இருக்கட்டுமே' என்று 20 லிட்டர் வாங்காதீர்கள். வீட்டு அடுப்பில் அது பக்கத்து அடுப்பையும் மறைத்து நிற்கும். கொதிக்கும் குழம்போடு அதை இறக்கப்போவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். 10 லிட்டர்ப் பாத்திரமே முக்கால் பங்கு நிறைந்தால் 10 கிலோ ஆகிவிடும். எனவே கைப்பிடியைக் கவனியுங்கள். நான்கு விரலும் துணியோடு நுழையும் அளவுக்கு அகலமாகவும், ரிவெட்டோ வெல்டிங்கோ ஆட்டமில்லாமல் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

வாங்கியபின் இரண்டு சொற்கள். பச்சைத் தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள். எஃகில் குழி விழும். கொதித்தபின் போட்டுக் கிளறுங்கள். விருந்து முடிந்து மிஞ்சிய சாம்பாரை அதே ஆழமான பாத்திரத்தில் இரவு முழுதும் விடாதீர்கள். நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

எஃகுப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தரம் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாத்திரங்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பித்தது. சிக்பேட்டையானாலும் மல்லேசுவரமானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். எந்த வகை எஃகு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். தங்கத்துக்குக் கேட்கும் கேள்வியைத் தட்டுமுட்டுச் சாமானுக்கும் கேட்பதில் வெட்கமென்ன?

மகளுக்குச் சீர் வாங்கப் போகும் பெற்றோரே, எண்ணிக்கையைக் குறையுங்கள், கனத்தைக் கூட்டுங்கள். புதுக்குடித்தனம் தொடங்கும் இளைஞர்களே, ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதைப் பரணில் ஏற்றாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு நான்கு முறையாவது அது நிறையட்டும். அண்டை வீட்டார் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். அவர் கன்னடரானால் இன்னும் நல்லது. திரும்பி வரும்போது அது வெறுமனே வராது.