டேமில் எத்தனை அடி?

பி.காம். படித்ததற்கு வீரபாண்டிக்கு நான் செய்கிற ஒரே சேவை, கேத வீட்டில் கணக்கு எழுதுவது. பாடைக்கு மூங்கில், கொட்டுக்காரர்களுக்கு அட்வான்ஸ், மாலை, டீ... எல்லாம் என் நோட்டில் ஏறும். நாற்காலி வாசப்படி ஓரமாகக் கிடப்பதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

உள்ளே பெண்கள். கட்டிப் பிடித்து, ஒப்பாரி வைத்து, செத்தவர் வாங்கித் தராமல் போன கம்மல் வரைக்கும் சொல்லி அழுதுவிடுகிறார்கள். வெளியே பெஞ்சில் ஆண்கள். கையைத் தொட்டுத் துக்கம் கேட்டாயிற்றா? உடனே, "டேம்ல எத்தன அடி நிக்குது? மொத போகத்துக்குத் தண்ணி தெறப்பானா?" (பென்னிகுக் துரை 1895-ல் அணையைக் கட்டி முடித்தது பாசனத்துக்கு மட்டுமல்ல, எங்கள் ஆம்பளைகள் சங்கடப்படும்போது பேசுவதற்கும்தான்!)

போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒருவர் தவறிவிட்டார். ஒரே மகன், சென்னையில் வேலை, இருபத்தாறு வயசு. வந்து இறங்கியதும் பையனுக்கு முகம் கோணியது. பெரியப்பா தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பளப் புள்ள அழுகக் கூடாதுப்பா. நீ ஒடஞ்சா ஒங்க அம்மாவ யாரு பாக்குறது?"

அதோடு சரி. நீர்மாலை எடுத்தான். குடம் உடைத்தான். திரும்பிப் பார்க்காமல் வந்தான். மூத்த மகனுக்கு இத்தனை வேலை வைத்ததே அவனை அழ விடாமல் இருக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினான். தலையை மழிக்கும்வரை கல்லாக இருந்தவனுக்கு, மீசையில் கத்தி பட்டதும் உதடு நடுங்கியது. சவரம் செய்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு அவன் கன்னத்தில் தடவினார். வேண்டிய அளவுக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தார். எது எந்தத் தண்ணீர் என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை.

அழுதால் தமிழ் ஆம்பளை இல்லை என்று யார் சொன்னது? புறநானூறு 245-ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. நாடாண்ட ராஜா! மனைவியைச் சிதையில் வைத்த பிறகும் தன் உயிர் போகவில்லையே என்று புலம்புகிறான். பாரி போனபோது கபிலர் பாடியதும் புலம்பல்தான். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் வைத்தது. 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டவில்லை. நம்மாட்கள் போர்ப் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் புஸ்தகத்தை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.

காரியத்தன்று மாமன்மார் உருமா கட்டினார்கள். "இனிமே நீதான் வீட்டுக்குப் பெரிய ஆம்பள" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அவன் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "டெய்லி ராத்திரி போன் பண்றான்ப்பா. சாப்பிட்டியான்னு கேப்பான். அப்புறம் பேச்சே இல்ல. வைக்கவும் மாட்டேங்குறான்."

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தான். துக்க வீடு, அதனால் இந்த வருஷம் தீச்சட்டி கிடையாது. கௌமாரியம்மன் கோயில் பக்கம் போகாமல் முல்லையாற்றுக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். மீசை முழுசாக வளர்ந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டேம்ல எத்தன அடிண்ணே?" என்றான்.

"அது கெடக்கட்டும். ஒங்கப்பா சைக்கிள் பழகுன கதை தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுண்ணே."

சொல்ல ஆரம்பித்தேன்.