படமாக வரும் அரசாணையும் பார்வையற்ற தலித் மாணவரும்

பார்வையற்றோருக்கான உதவித் தொழில்நுட்பம் குறித்த விவாதம் பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறது. விலை உண்மையான தடைதான். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் நெடுங்காலம் ஏழை மாணவர் நெருங்க முடியாத விலையில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திறமூல மென்பொருள் அந்நிலையை மாற்றியது. இன்று அதை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அது தமிழையும் வாசிக்கிறது.

ஆயினும் வாசிக்கத்தக்க ஆவணம் இல்லையேல் இலவச மென்பொருளால் பயனில்லை. திரைவாசிப்பானுக்குத் தேவை எழுத்து. தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து பதிவேற்றப்படும் அரசாணையோ வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. மங்கிய நகலிலும் முத்திரை விழுந்த இடத்திலும் அவை தடுமாறுகின்றன. கடைசித் தேதியில் ஓர் எண் பிழைத்தாலும் விண்ணப்பம் வீணாகும். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பு இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல்.

இத்தடை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு. கல்வி உதவித்தொகை, விடுதி அனுமதி, சாதிச் சான்றிதழ், இடஒதுக்கீடு என முதல் தலைமுறை தலித் மாணவரின் கல்வி முழுவதும் அரசு ஆவணங்களைச் சார்ந்தே நகர்கிறது. படித்தவர் நிறைந்த குடும்பத்தில் யாரேனும் வாசித்துக் காட்டுவர். அந்த வாய்ப்பு இல்லாதவர், தமக்குரிய உரிமையை அறிந்துகொள்ளவே பிறர் தயவை நாட வேண்டியுள்ளது. எழுத்து மறுக்கப்பட்ட வரலாறு கொண்ட சமூகத்துக்கு இச்சார்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் குறையில்லை. மின்னணு ஊடக உள்ளடக்கம் யாவும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. எண்மச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே நமது கோரிக்கைகள் நான்கு. அரசாணைகளும் அறிவிப்புகளும் ஒருங்குறி எழுத்தாகவே வெளிவர வேண்டும். உதவித்தொகை இணையதளங்களில் படக் கேப்சாவுக்கு மாற்றுவழி இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் மடிக்கணினிகளில் தமிழ்த் திரைவாசிப்பான் நிறுவப்பட்டு, பயிற்சியும் அளிக்கப்பட வேண்டும். உதவிக்கருவி பெற்றோரின் எண்ணிக்கையைச் சாதிவாரியாகவும் பாலினவாரியாகவும் வெளியிட வேண்டும்.

இவற்றுள் முதல் கோரிக்கைக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. கணினியில் ஏற்கெனவே எழுத்தாக இருப்பதைப் படமாக்காமல் வெளியிட்டாலே போதும். மாணவர் அமைப்புகள் தத்தம் கல்லூரி, துறை அறிவிப்புகளைத் திரைவாசிப்பானில் ஓட்டிப் பார்த்து, வாசிக்க இயலாதவற்றைப் பட்டியலிட்டு, 42ஆம் பிரிவைச் சுட்டி மனு அளிக்கலாம். செலவில்லாத இந்தச் சீர்திருத்தத்தைக்கூடச் செய்யாத நிர்வாகம், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது.