ஃபைட்டர் மீன்: பிழைப்பதும் வாழ்வதும்

'ஃபைட்டருக்கு எதுவும் வேண்டாம்' என்னும் வாக்கியத்தைக் கொச்சிக்கு வந்த நாள்முதல் பலரிடம் கேட்டுவிட்டேன். மட்டாஞ்சேரிப் பக்கத்து வண்ணமீன் கடைகளில் மலையாளத்திலும், ஆய்வு மாணவர் விடுதிகளில் தமிழிலும் அது ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகிறது: காற்றுக்குழாய் வேண்டாம், வடிகட்டி வேண்டாம், பெரிய தொட்டி வேண்டாம். இந்த மூன்று 'வேண்டாம்'களின் முடிவில், ஊறுகாய்ப் பாட்டிலைவிடச் சற்றே பெரிய குடுவையில் ஒரு மீன் நம் மேசைக்கு வந்து சேர்கிறது. சில வாரங்களில் அது இறந்துபோனால், 'ஃபைட்டர் அவ்வளவு நாள்தான் இருக்கும்' என்னும் நான்காவது வாக்கியமும் ஆயத்தமாக இருக்கிறது.

இந்த நான்கு வாக்கியங்களும் தவறானவை என்பதே இப்பதிவின் வாதம். ஓர் உயிர் இல்லாமையைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றலை, அதற்கு எதுவும் தேவையில்லை என்பதற்கான சான்றாக நாம் வாசித்துவிட்டோம். தமிழில் 'பிழைத்தல்' வேறு, 'வாழ்தல்' வேறு. அகராதிகளைப் புரட்டினால் பிழைத்தல் என்னும் வினைக்குத் தவறுதல், தப்புதல், உயிர்தரித்தல் ஆகிய பொருள்கள் அருகருகே நிற்பதைக் காணலாம். குடுவையில் இருக்கும் மீன் பிழைக்கிறது; அது வாழ்கிறது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

முதலில் பெயர். 'பெட்டா' என்னும் பேரினப் பெயரை டச்சு மருத்துவரும் மீனியலாளருமான பீட்டர் பிளீக்கர் 1850-இல் ஜாவா மீன் ஒன்றுக்கு இட்டார். நம் மேசைமேல் இருக்கும் இனத்துக்கு 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' என்று பெயரிட்டவர் சார்லஸ் டேட் ரீகன், ஆண்டு 1910. இரண்டாம் சொல்லுக்கு 'ஒளிர்வது' என்று பொருள். தாய்லாந்து மொழியில் இது 'பிளா காட்', அதாவது கடிக்கும் மீன். ஆங்கிலம் அதைச் 'சண்டையிடும் மீன்' ஆக்கியது. நாம் அதையும் சுருக்கி 'ஃபைட்டர்' ஆக்கினோம். தாய்லாந்தில் பந்தயத்துக்காகப் பல தலைமுறைகள் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டதன் தடம் அப்பெயரில் இருக்கிறது. இம்மீன் மனிதரின் வளர்ப்புக்கு உட்பட்டுக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று 2022-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு மதிப்பிட்டது. 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஒரு பெயர் ஓர் உயிரின் ஒரே ஒரு நடத்தையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடும். இந்த மீனின் ஆண், எச்சில் பூசிய காற்றுக்குமிழ்களை நீர்ப்பரப்பில் அடுக்கி நுரைக்கூடு கட்டுகிறது. பெண் இடும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கிறது. நழுவி விழும் முட்டைகளையும், ஓரிரு நாளில் பொரியும் குஞ்சுகளையும் மீண்டும் மீண்டும் மேலே கொண்டு சேர்க்கிறது. குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை காவல் இருப்பது தந்தைதான். கூட்டைக் காப்பதற்காகவே அது எதிரியை விரட்டுகிறது. இயற்கையில் தோற்ற மீன் நீந்தி விலகிவிடும். விலக இடமில்லாத கலத்தில்தான் அந்த மோதல் காயத்திலும் சாவிலும் முடிகிறது. 'காவல் மீன்' என்று பெயர் வாங்கியிருந்தால், இதை நாம் கைப்பிடிக் குடுவையில் அடைத்திருப்போமா என்பது என் ஐயம்.

இனி அந்த 'வேண்டாம்'கள். ஃபைட்டருக்குச் செவுள்களோடு கூடவே, தலைப்பகுதியில் மடிப்புமடிப்பான ஒரு துணை மூச்சுறுப்பு உண்டு. அதனால் அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக உள்ளிழுக்கிறது. நம்மூர் பனையேறி கெண்டையும் இவ்வாறே காற்றை இழுக்கும். உயிர்வளி குறைந்த சேற்றுநீரிலும் ஃபைட்டர் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆகவே 'காற்றுக்குழாய் வேண்டாம்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையே மற்ற இரண்டு பொய்களையும் தோளில் சுமக்கிறது.

ஏனெனில் அந்த உறுப்பு தீர்ப்பது ஒரு சிக்கலை மட்டுமே. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. உண்ணாமல் அழுகும் தீனியும் அமோனியாவாகிறது. அமோனியா செவுளையும் தோலையும் அரிக்கும். நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அதன் நச்சுத்தன்மையும் கூடும். மேலே வந்து காற்றை உறிஞ்சும் மீன், கீழே தன் கழிவிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் அந்த நச்சு சில நாள்களிலேயே தேங்கிவிடும். இருபது லிட்டரில் அதே அளவு கழிவு இருபது மடங்கு நீர்த்துப்போகும். 'பெரிய தொட்டி வேண்டாம்' என்பது இந்த எளிய கணக்கிலேயே உடைகிறது.

'அது நெல்வயலில் குட்டையில் கிடக்கும் மீன்தானே' என்பார்கள். வயல்நீர் ஆழம் குறைந்தது, பரப்பு குறைந்ததன்று. குட்டநாட்டு வயல் ஒன்றின் வரப்பில் நின்று பார்த்தவர் எவரும் அதைக் குடுவையோடு ஒப்பிட மாட்டார். அங்கே மண்ணும் பாசியும் செடியும் நுண்ணுயிரும் கழிவை ஓயாமல் உட்கொள்கின்றன. ஆழமின்மையையும் இடமின்மையையும் ஒன்றாகக் கருதுவது சொற்பொருள் மயக்கம்.

வயல் செய்யும் அந்த வேலையைத் தொட்டியில் செய்வதே வடிகட்டியின் பணி. பலர் நினைப்பதுபோல் அது வெறும் தூசு வடிக்கும் கருவியன்று. பஞ்சு வடிகட்டியின் துளைகளில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறுவகை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு; வாராந்திர நீர்மாற்றத்தில் அது நீங்கிவிடும். இந்த நுண்ணுயிர்க் குடியிருப்பு உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எனவே மீனுக்கு ஒரு மாதம் முன்பே தொட்டி வீட்டுக்கு வர வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் வாங்குவதுதான் பெரும்பாலான சாவுகளின் தொடக்கம்.

விடுதிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஞாயிறன்று குடுவையை முழுவதும் கொட்டி, சோப்பிட்டுக் கழுவி, குழாய்நீரை அப்படியே நிரப்புகிறார்கள். தூய்மை என்று நாம் நம்பும் இச்செயல் நுண்ணுயிர்களை அழிக்கிறது. குழாய்நீரின் குளோரின் செவுளைச் சுடுகிறது. திடீரென மாறும் வெப்பநிலையும் நீரின் தன்மையும் மீனை நிலைகுலைக்கின்றன. கொச்சியின் மேற்குப் பகுதியில் குழாய்நீர் தட்டுப்பாடும் லாரித் தண்ணீரும் புதியவை அல்ல. உப்பங்கழி ஓரத்துக் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவதும் உண்டு. வாரந்தோறும் வெவ்வேறு நீரைக் காணும் குடுவை மீனுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புதிய நாடுகடத்தல்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. இருபது லிட்டர் அளவுள்ள, மூடியுள்ள தொட்டி; ஃபைட்டர் நன்றாகத் துள்ளும், மூடியில்லாத தொட்டியிலிருந்து தரையில் விழுந்து காய்ந்துபோன மீன்கள் பல. மென்மையாக ஓடும் ஒரு பஞ்சு வடிகட்டி. நீண்ட துடுப்புள்ள மீனை வலுவான நீரோட்டம் களைப்படையச் செய்யும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்ற வேண்டும். புதிய நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறும். குளோரின் நீக்கும் துளிமருந்து இன்னும் நம்பகமானது. பஞ்சைக் குழாயடியில் அலசாமல், வெளியே எடுத்த தொட்டிநீரிலேயே பிழிந்தெடுக்க வேண்டும். நீரின் வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியஸ். கொச்சியின் காலநிலை இதை ஏறத்தாழ இலவசமாகவே தருகிறது. குளிரூட்டிய அறையும் நேர்வெயில் விழும் சன்னலும்தான் இங்கே எச்சரிக்கைக்குரியவை.

தீனி நாளொன்றுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று உருண்டைகள் போதும். இது பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் உண்ணும் மீன். கண்ணாடிக் குவளையில் செடி வைத்து, அதன் வேரைத் தின்று மீன் வாழும் என்று சொல்லி விற்பது கட்டுக்கதை. ஒளிந்துகொள்ளச் சில செடிகள் வேண்டும். கோட்டைக் கொச்சித் தெருக்களில் உதிரும் நாட்டு வாதுமை இலைகளில், மருந்து தெளிக்கப்படாத காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். நீர் தேநீர் நிறமாகும். இம்மீனின் தாயகத்து நீர் அத்தகையதே. ஆனால் இலை நீர்மாற்றத்துக்கு மாற்றாகாது. ஆண்மீன் இரண்டை ஒரே தொட்டியில் விடக்கூடாது. விரிந்த துடுப்பைக் காணும் ஆசையில் நாளெல்லாம் எதிரே கண்ணாடி வைப்பதும் கூடாது. நமக்கு வேடிக்கையாகத் தெரிவது அதற்கு முடிவில்லாத எல்லைத் தகராறு.

இவ்வளவும் கிடைத்தால் ஃபைட்டர் சாதாரணமாக மூன்று ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கும். நான்காவது வாக்கியத்துக்கு இதுவே மறுமொழி.

எதிர்வாதங்களை நான் அறிவேன். கடைக்காரர் குடுவையில்தானே வைத்திருக்கிறார் என்பது ஒன்று. ஆண்மீன்களைப் பிரித்து வைத்தாக வேண்டிய கடையில் குடுவை ஒரு தங்குமிடம். நம் வீட்டில் அது ஆயுள் சிறை. தாய்லாந்தின் வளர்ப்பாளர்களும் சென்னைக் கொளத்தூரின் வளர்ப்பாளர்களும் சிறு கலங்களில் வளர்ப்பதுண்டு. ஆனால் அவர்கள் நீரை ஓயாமல் மாற்றும் உழைப்பால் இடக்குறைவை ஈடுசெய்கிறார்கள். அந்த உழைப்பை விட்டுவிட்டுக் கலத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது எதிர்வாதம் கூர்மையானது: சீனவலைகள் நாளும் மீனை அள்ளும் ஊரில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் அமைந்த ஊரில், மூன்று அங்குல மீனுக்கு ஏன் இத்தனை கவலை? மீனை உண்பவர் அதற்கு வாழ்வை வாக்களிப்பதில்லை, வளர்ப்பவர் வாக்களிக்கிறார். டன் கணக்கில் எண்ணப்படும் மீனுக்கும் தனியொன்றாக மேசைமேல் வைக்கப்படும் மீனுக்கும் நம் கடமை ஒன்றாக இருக்க முடியாது.

சட்டமும் இப்பக்கமே சாய்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 'விலங்கு' என்பதற்கு, மனிதரல்லாத எந்த உயிரும் என்றே வரையறை தருகிறது. அதன் 11-ஆம் பிரிவு, நியாயமான அளவு நடமாட இடந்தராத கூண்டிலோ கொள்கலத்திலோ ஓர் உயிரை அடைத்து வைப்பதைக் கொடுமை என்கிறது. 'கூண்டு' என்பதோடு நிறுத்தாமல் 'கொள்கலம்' என்னும் சொல்லையும் சேர்த்தது கவனிக்கத்தக்கது. மீன்காட்சியகங்களுக்கும் மீன்கடைகளுக்கும் என்றே 2017 மே மாதத்தில் நடுவணரசு வெளியிட்ட தனிவிதிகள், வணிகர்களின் எதிர்ப்புக்குப்பின் திரும்பப் பெறப்பட்டன. அடிப்படைச் சட்டம் அப்படியே இருக்கிறது.

பராமரிக்க முடியாதவர்கள் மீனைக் கால்வாயில் விட்டு 'விடுதலை' தருவதும் தீர்வாகாது. 2018 வெள்ளத்துக்குப்பின் கேரளத்து ஆறுகளில் அராபைமா போன்ற அயல்மீன்கள் பிடிபட்டதை நாம் மறக்கலாகாது. ஃபைட்டரின் உறவினமொன்று நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே வாழ்கிறது. 1831-இல் குவியே விவரித்த அந்தச் சிறுமீனின் அறிவியல் பெயரிலுள்ள 'குபானுஸ்' என்னும் சொல், புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. அதுவும் காற்றை உள்ளிழுக்கும். அதுவும் நுரைக்கூடு கட்டும். ஒரு தமிழூரின் பெயரை உலக மீனியலில் சுமக்கும் அம்மீனின் இருப்பிடத்தில் அயல்மீனைக் கொட்ட நமக்கு உரிமையில்லை. வளர்க்க முடியாத மீனை, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு முடிந்தவருக்கும், புதிதாக அறைக்கு வந்தவருக்கும் குடுவை மீனைப் பரிசளிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். விடுதி அறையில் மீன் வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால், முதலில் தொட்டியையும் பஞ்சு வடிகட்டியையும் வாங்கச் சொல்லுங்கள். நீர் பழகும் அந்த ஒரு மாதத்தில், விடுமுறைக்கு ஊர் போகும்போது மீனை யார் பார்ப்பார் என்பதையும் அவர் யோசித்துக்கொள்ளட்டும். அதற்கு விடை கிடைத்தபின் மீனை வாங்கலாம். கிடைக்காவிட்டால், மீனில்லாத அந்தத் தொட்டியில் நீர்ச்செடிகள் நன்றாகவே வளரும்.