மரத்தூளோடு மீன்கழிவைச் சேருங்கள்

அறுவை மில்லில் மரத்தூள் மலிவாகக் கிடைக்கிறதே, வயலில் கொட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படியே கொட்டக் கூடாது என்பதுதான் என் கருத்து.

மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 400 பங்கு கரிமம் இருக்கிறது. மாட்டுச் சாணத்தில் 20, 25 பங்குதான். மரத்தூளை மண்ணில் கலந்தால், அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்துதான் எடுக்கும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னா, பயிரோட கணக்கிலிருந்து எடுக்கிற கடன். மக்கி முடிந்ததும் திரும்பி வரும்தான். ஆனால் புழுதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி ஒரே போகம் எடுக்கிற திருவாடானைப் பக்கத்து விவசாயிக்கு அது வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். அதுவரை பயிர் மஞ்சளா நிக்கும். மரத்தடியில் மேலாக மூடாக்குப் போடுவதில் இந்தத் தொல்லை குறைவு. மண்ணோடு கிளறாமல் இருந்தால் போதும்.

மரத்தூளுக்குக் குறைவது தழைச்சத்து. அது தொண்டிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. மீனின் தலை, செதில், குடல் எல்லாம் தழைச்சத்து நிறைந்தவை. தனியாகப் போட்டால் நாறும்; மரத்தூளோடு சேர்ந்தால் அந்த ஈரத்தையும் நாற்றத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கூடை மீன்கழிவுக்கு நாலைந்து கூடை மரத்தூள், நடுவில் கொஞ்சம் பழைய தொழுவுரம். மேலே ஒரு முழத்துக்கு மரத்தூள் போட்டு மூடினால் நாயும் காக்கையும் கிளறாது. உள்ளே சூடு ஏறி இறங்கியதும் புரட்டிவிட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கணும். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம். நம்ம மண்ணில் ஏற்கெனவே இருக்கிற உப்பே போதும்!

மில்லில் என்ன தூள் என்று கேட்டு வாங்குங்கள். பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும். படகு வேலை நடக்கிற இடத்தில் பெயிண்டும் பைபர் தூளும் கலந்திருக்கும். இரண்டும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இதைத் தனி ஆள் செய்வது சிரமம். மீன்கழிவைக் குப்பையோடு கலக்காமல் தனியாக எடுக்கவும், குவியல் போட ஊருக்கு வெளியே ஒரு இடம் ஒதுக்கவும் பேரூராட்சிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். குழுவாகப் போய் மனு கொடுப்போம். சித்திரையில் குவியல் போட்டால்தான் புரட்டாசி விதைப்புக்கு உரம் கைக்கு வரும். அதனால் மனுவை மாசியிலேயே கொடுத்துடணும்.